ஐந்து மொட்டைகளுக்கு ஒரு திட்டம்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

காலை மணி பத்து இருபது. ஆட்கள் மூன்று, மலைகள் ஐந்து, கையில் இருப்பது பதினொரு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு.

இந்த டயரி மலைத் திட்டத்துக்காக மட்டும். சொந்தக் கதை எழுதினால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

போடிக்கு மேலே, ஏலக்காய் எஸ்டேட்டுகளைத் தாண்டினால் ஐந்து மலைகள் வரிசையாக நிற்கின்றன. உச்சியில் மரம் கிடையாது, புல் மட்டும். அதனால் அங்கே அவற்றை மொட்டை என்கிறார்கள்: முதல் மொட்டை, இரண்டாம் மொட்டை, இப்படி. ஒன்றில் ஏறி இறங்கித்தான் அடுத்ததில் ஏற முடியும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு விளிம்பு. இரண்டு பக்கமும் சரிவு. ஐந்தையும் ஒரே நாளில் முடித்து மறுபக்கம் இறங்க வேண்டும். வனத்துறை அனுமதி ஜனவரி 24, சனிக்கிழமை ஒரு நாளுக்குக் கிடைத்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

ஆட்கள்: நான், திண்டுக்கல்லில் பால் பதப்படுத்தும் பிளான்ட்டில் கருவிகளைப் பார்க்கிற வேலை. சாகுல், வத்தலக்குண்டில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. ஜெரோம், அதே ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுக்கும் ஆபீஸில் இருக்கிறான். பாலிடெக்னிக்கில் மூன்று பேரும் ஒரே பெஞ்ச். மூன்று பேரில் மலைக்கென்றே பிறந்தவன் ஜெரோம். எங்கே போனாலும் முன்னால் நடப்பது அவன்தான்.

என் திட்டம் எளிது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு வேனில் கிளம்புகிறோம். நடு ராத்திரிக்கு மேல் போடியில் ஜீப் மாறுகிறோம். வெளிச்சம் வரும்போது முதல் மொட்டையின் காலடியில் நிற்கிறோம். தூக்கத்தை வண்டியில் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் லீவு தேவையில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதியும் போட்டுவிட்டேன். எங்கள் பிளான்ட்டில் ஒரு வால்வின் செட்டிங்கைத் தொட வேண்டுமென்றால்கூடக் காரணம் சொல்ல வேண்டும். இங்கேயும் அதுதான். திட்டத்தில் மாற்றம் கேட்கிறவன் காரணம் சொல்ல வேண்டும். "எனக்கு அப்படித் தோணுது" என்றால் செல்லாது.

சாகுலின் பதில்: "சரிங்க கலெக்டர் சார்."

நவம்பர் 16, ஞாயிறு

முதல் ஒத்திகை. சிறுமலைக்கு ரோட்டு வழியாகவே ஏறினோம், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. முதுகில் தண்ணீர் பாட்டில் மூட்டை. சாகுல் ஆறாவது வளைவிலிருந்தே பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டான். நல்லது. ஜெரோம் வழக்கம்போல முன்னால் போய் மேலே உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தான்.

குறைகள்:

ஜெரோம் பஸ்ஸில் வந்ததால் தாமதம். பைக் ரிப்பேராம். நெற்றியில் பிளாஸ்திரி வேறு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். மலை ஏறுகிறவன் பாத்ரூமில் விழுகிறான்.

இறங்கியதும் பரோட்டாக் கடைக்குப் போனோம். அவன் மட்டும் தயிர்சாதம் கேட்டான்.

"என்னடா, உபவாசமா?" என்றேன்.

"நாக்கு புண்ணா இருக்குடா. காரம் ஆகாது."

"பி காம்ப்ளக்ஸ் போடு. சத்து இல்ல உனக்கு."

"போடுறேன் டாக்டர்" என்றான். சாகுல் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சால்னாவை என் பக்கம் தள்ளினான்.

நவம்பர் 19, புதன்

புது ஷூ குதிகாலைக் கடிக்கிறது. கடைக்காரன் பொய் சொல்லிவிட்டான்.

நவம்பர் 30, ஞாயிறு

குழுவில் மூவரும் போனில் பேசினோம். தண்ணீர், சாப்பாடு, அட்டைக்கு உப்புப் பொட்டலம், எல்லாம் கால் மணியில் முடிந்திருக்கும். ஜெரோம் கெடுத்தான்.

"வெள்ளிக்கெழம சாயங்காலமே போயிருவோமே. எஸ்டேட்ல ரூம் இருக்குன்னு அந்த ஜீப்கார அண்ணன் சொன்னாருல்ல. தங்கி, காலைல ஃப்ரெஷ்ஷா கிளம்பலாம்."

"வெள்ளிக்கிழம எனக்கு லீவு கிடைக்காது. வருசக் கடைசி, வருச ஆரம்பம், எல்லாக் கருவியவும் கழட்டி மாட்டுற நேரம். என்ன காரணத்துக்கு?"

"சும்மாதான். கொஞ்சம் தூங்கிட்டு ஏறலாம்னு."

"வேன்ல தூங்கு."

"வேன்ல எனக்குத் தூக்கம் வராது."

"காலேஜ் டூர்ல ஊட்டி வரைக்கும் கொறட்ட விட்டவன் நீ. அது காரணம் இல்ல. வேற சொல்லு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

"அப்ப மாத்தம் இல்ல."

சாகுல் குறுக்கே வந்தான். "ஏன்டா, ஒரு நாள் முன்னாடி போனா மலை ஓடிப் போயிருமா? அவன் கேக்குறான்ல?"

"உனக்குக் காரணம் தெரியுமா?"

"எனக்கு என்னடா தெரியும். நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன்."

ஒருவனுக்கு விதியை வளைத்தால் அடுத்தவன் மெத்தை கேட்பான். சரியாகத்தான் செய்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. இந்த முறை நானே யோசித்த சோதனை: சனி இரவு யாரும் தூங்கக்கூடாது, காலையில் நேராகச் சிறுமலை. அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கும் என்று முன்னமே தெரிந்துவிடும்.

ஜெரோம் வரவில்லை. வயிற்று வலியாம். சாகுல் ஜெரோமின் பைக்கில் வந்து இறங்கினான்.

"இது ரிப்பேர்னு சொன்னான்?"

"சரியாயிருச்சு. நான் வாங்கிட்டேன்."

"வித்துட்டானா? அந்தப் பைக்கை யாரயும் தொட விடமாட்டான்."

"பேசிக்கிட்டே இருந்தா வெயில் ஏறிரும். நட மாப்ள."

எனக்கு எட்டாவது வளைவில் கண் இருட்டியது. ஷூதான் காரணம். சாகுல் என் பையையும் சேர்த்துச் சுமந்தான், ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. அவனுக்கும் தூக்கம் போல.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் குழுவில் ஜெரோம்: "நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

காரணம் கேட்டேன். பதில் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

நல்லது. ஓர் ஆள் குறைந்தால் சுமையும் குறையும். தண்ணீர், பிஸ்கட், ரொட்டி, பேரீச்சை எல்லாவற்றையும் இரண்டு பேருக்கு மாற்றி எழுதினேன். முன்னால் இனி நான் நடக்க வேண்டும். பாதையை மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். இது இன்னும் நல்ல ஏற்பாடு.

மெஸ்ஸில் பூரி. ஆறிப்போயிருந்தது. சாப்பிடவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஜெரோம் குழுவில் இன்னும் இருக்கிறான். வெளியேறவில்லை. நான் அனுப்புகிற எல்லாவற்றையும் பார்க்கிறான்.

டிசம்பர் 21, ஞாயிறு

சாகுல் கம்ப்ரசர் வாங்க திண்டுக்கல் வந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்த பிறகும் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"மாப்ள, நான் சொல்றத திட்டாம கேளு."

"ஆரம்பமே சரியில்லையே."

"ஜெரோமுக்கு வலிப்பு வருதுடா."

எனக்கு முதலில் புரியவில்லை. கால் வலி என்று நினைத்து, எந்தக் கால் என்று கேட்டேன்.

"கால் இல்லடா. வலிப்பு. ஆகஸ்ட்ல ஆபீஸ்ல வச்சு ஒரு தடவ. போன மாசம் ஒரு தடவ. அவசரமா ஒரு பிளான் கேட்டாங்கன்னு விடிய விடிய ஒக்காந்து வரைஞ்சிருக்கான். காலைல பாத்ரூம்ல விழுந்துட்டான். நாக்கக் கடிச்சுக்கிட்டான். மதுரைல பெரிய டாக்டர் பாக்குறாரு. வண்டி ஓட்டக்கூடாது, தூக்கம் கெடவே கூடாதுன்னுட்டாரு."

என் டீயைக் கீழே வைத்தேன். அவனே பேசினான்.

"அவன் வீட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தங்கச்சி பெனிட்டாவுக்கு மாப்ள பேச்சு நடக்குது, அதனால வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. இப்ப அதயும் ஒடச்சுட்டேன்."

"நான் வெளியாளா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணிருப்ப?"

"திட்டத்தை மாத்திருப்பேன். அவனுக்குத் தனியா ஒரு அட்டவணை போட்டு, வேளா வேளைக்கு..."

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட" என்றான் சாகுல். "அவன் கேட்டது ஒரு ராத்திரி. அத மட்டும் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்டா."

டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான். நான் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

ராத்திரி வலிப்பு பற்றி எட்டு மணி நேரம் படித்தேன். பிளான்ட்டில் பால் ஓட்டத்தை அளக்கிற ஒரு ஃப்ளோ மீட்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் சரி செய்தாகிவிட்டது.

டிசம்பர் 25, வியாழன்

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெரோம் வீட்டில் பிரியாணி. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதற்காகப் போனேன். அவன் அம்மா, "நவநீதா, எளைச்சுப் போயிட்ட, மெஸ்ஸுக்காரன் அரிசிய எண்ணிப் போடுறானா?" என்று இரண்டு கரண்டி அதிகம் வைத்தார். ஜெரோம் சாதாரணமாக இருந்தான். மலையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடியில் ஸ்டார் எரியவில்லை என்று பெனிட்டா சொன்னாள். ஜெரோம் பல்பை எடுத்துக்கொண்டு மேலே போனான். நானும் போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறினான். நான் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

பல்பைப் போட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தி, கீழே பார்த்தான்.

"என்னடா பண்ற?"

"ஸ்டூல் ஆடுது."

"ஆடல."

"லேசா ஆடுது."

"நவநீ, ஒன்பது வருசமா உன்னத் தெரியும். மாமரத்துல இருந்து நான் கீழ விழுந்தப்ப, 'சீக்கிரம் எந்திரி, பஸ் போயிரும்'னு சொன்னவன் நீ. நீ ஸ்டூல் புடிக்கிற." கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தான். "சாகுல் சொல்லிட்டானா?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் மெதுவாக வரும்.

இறங்கினான். பல்பை என் கையில் வைத்தான். "இதுக்குத்தான்டா சொல்லல. இனிமே நான் படி ஏறுனா நீ பின்னாடி வருவ. டீ குடிச்சா கிளாஸப் பாப்ப."

நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். தெருவில் சின்னப் பையன்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவனே சொன்னான்: "ஆகஸ்ட்ல விழுந்து எந்திரிச்சுக் கண்ண முழிச்சா, கையில ஒரு சாவிக்கொத்து. மேனேஜர் லாக்கர் சாவி. இரும்பக் குடுத்தா வலிப்பு நிக்குமாம். அன்னைலருந்து ஆபீஸ்ல நான் யாரு டேபிளுக்குப் போனாலும் அவன் கை பாக்கெட்டுக்குப் போவுது. போன வாரம் வீடு கட்டுற பார்ட்டி ஒருத்தர் முன்னாடி பிளான விரிக்கிறேன், மேனேஜர் சாவிய எடுத்து பிளான் மேலயே வைக்கிறாரு. அந்தாளு, 'வீட்டுச் சாவி இப்பவே குடுத்துருவீங்களா'ங்குறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்தது.

"ஏன்டா சிரிக்கிற நாயே" என்றான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இரும்பால ஒண்ணும் ஆவாது. ரெண்டு மூணு நிமிசத்துல பெரும்பாலும் அதுவே நின்னுரும், பேரு சாவிக்குப் போயிருது" என்றேன்.

"தெரியும் சார்."

பிறகு டாக்டரிடம் கேட்டதைச் சொன்னான். மலையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையாம். மாத்திரை தவறக்கூடாது. முந்தின இரவு முழுசாகத் தூங்க வேண்டும். விளிம்பில் நடக்கவே கூடாது. கூட வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப மூணாவது மொட்டையோட சரி" என்றேன்.

"மூணாவதோட சரி. நான் முன்னமே பாத்துட்டேன். மூணாவது வரைக்கும் வந்துட்டு அங்கனயே ஒக்காந்துக்கலாம், நீங்க போயிட்டு வாங்கன்னு இருந்தேன். ஆனா நீங்க மறுபக்கம்ல எறங்குறீங்க. எனக்காகத் திரும்பி வரணும். உன்னோட அஞ்சும் போயிரும். எதுக்கு?"

அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

பல்பை நான்தான் போட்டேன். ஸ்டூல் நிஜமாகவே ஆடியது.

டிசம்பர் 28, ஞாயிறு

ஐந்து மொட்டை என்று பிளான்ட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். மூன்று என்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். மூன்று வரை போய்த் திரும்புகிறவர்களை, போன வருடப் புகைப்படங்களைப் பார்த்து நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

சாகுலோடு மட்டும் போய் ஐந்தையும் முடிக்கலாம். அனுமதி இருக்கிறது. ஜெரோமே போகச் சொல்கிறான்.

இதை யோசித்ததைத் தவிர இன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை.

ஜனவரி 5, 2026, திங்கள்

மேனேஜரிடம் 23ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன்.

"கருவியெல்லாம் கழட்டிப் போட்டிருக்கிற நேரத்துலயா? காரணம் என்னப்பா?"

"சொந்த வேலை சார்."

"சொந்த வேலைன்னா? கல்யாணமா, காரியமா?"

"சொல்ல முடியாது சார்."

"ஊருல இருக்கிறவன்கிட்டயெல்லாம் காரணம் கேக்குற ஆளு நீ" என்று சிரித்தார். அரை மணி நேரம் நிற்க வைத்தார். பொங்கலுக்கு வேலைக்கு வர ஒப்புக்கொண்டேன். லீவு கிடைத்தது.

சாயங்காலம் குழுவில் எழுதினேன்: "நான் ரெண்டு மாற்றம் கேட்கிறேன். ஒன்று, வெள்ளி மதியமே கிளம்பி எஸ்டேட் ரூமில் தங்குகிறோம். ரூம் சொல்லியாச்சு. இரண்டு, மூன்றாம் மொட்டையில் சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புகிறோம். மூன்று பேரும்."

சாகுல்: "காரணம் சொல்லுங்க கலெக்டர் சார்."

நான்: "சொல்ல மாட்டேன்."

சாகுல் சிரிக்கிற பொம்மைகளைக் கொட்டினான். ஜெரோம் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. ஒன்றும் எழுதவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒரு சட்டை போதும், நான்கு போட்டேன்.

பிறகு வந்தது: "முன்னாடி நான்தான் நடப்பேன்."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பிளான்ட்டில் நானும் செக்யூரிட்டியும். ஐந்து மொட்டை என்னாச்சு சார் என்றார். மூன்றாகிவிட்டது என்றேன். மூன்றும் மலைதானே என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜனவரி 23, வெள்ளி

எஸ்டேட் ரூம். தகரக் கூரை, மூன்று பாய், கரண்டு இல்லை. பொழுதோடு வந்துவிட்டோம். குளிர் பல்லைத் தட்டுகிறது. ஜன்னல் வழியே முதல் மொட்டையின் முதுகு மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

ஜீப்கார அண்ணன் வீட்டிலிருந்து கஞ்சியும் கருவாடும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் ஜெரோம் பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். சாகுலும் நானும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம்.

"தகரத்துல என்னடா இருக்கு?" என்றான். "தண்ணிய எடு, நவநீ."

எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். மணி எட்டுகூட ஆகவில்லை. சாகுலும் நானும் சத்தம் போடாமல் பைகளைக் கட்டினோம். ஜிப்பை இழுக்கும் சத்தம் இவ்வளவு பெரியது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அவன் குறட்டை விடுகிறான், ஊட்டி பஸ்ஸில் விட்ட அதே குறட்டை. சாகுல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். நான் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்து இதை எழுதுகிறேன்.

நாளைக்கு நான் செய்ய வேண்டியவை:

1. அவனை எழுப்பக்கூடாது. அவனாக எழுந்திருக்கிற நேரம்தான் கிளம்புகிற நேரம். மணி எட்டானாலும் சரி.

2. அவன் முன்னால். நான் அடுத்து. கையைப் பிடிக்கக்கூடாது, முதுகைத் தாங்கக்கூடாது, "பாத்து" என்று சொல்லக்கூடாது.

3. வலிப்பு வந்தால்: ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், தலைக்குக் கீழே என் ஸ்வெட்டர், பக்கத்தில் இருக்கிற கல்லை அகற்றுவது. கையிலும் வாயிலும் எதையும் திணிக்கக்கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் சாகுல் ஜீப்புக்கு ஓடுவான். அவன் என்னைவிட வேகம். நான் பக்கத்தில் இருப்பேன்.

4. கண் விழித்ததும் கேள்வி கேட்கக்கூடாது. எங்கே இருக்கிறோம், யார் யார் இருக்கிறோம் என்று மட்டும் சொல்வது.

5. ஒன்றும் நடக்கவில்லை என்றால், முன்னால் ஓடாதே என்று வழக்கம்போல அவனைத் திட்டுவேன்.

6. மூன்றாம் மொட்டையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது, எதிரே நான்காவது நிற்கும். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.